முன்னதை மறைத்துப் பின்னதை ஏற்கும் மனம்

பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் ஒரு காலத்தில் ஓரறைப் பள்ளிகள் பல இருந்தன. பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட அவ்வறையில் ஆசிரியர் ஒருவரே இருப்பார். வகுப்புகளோ மூன்று, நான்கு என்றிருக்கும். முதல் வகுப்புக் குழந்தைகள் சிலேட்டில் அகரம் எழுதுவர். இரண்டாம் வகுப்பினர் வாய்ப்பாடு ஒப்பிப்பர். மூன்றாம் வகுப்பினர் பாடநூலை விரித்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் எப்பொழுது தம் பக்கம் திரும்புவார் என்று காத்திருப்பர். ஆசிரியர் அகரத்திலிருந்து வாய்ப்பாட்டிற்கும், வாய்ப்பாட்டிலிருந்து வாசிப்பிற்கும், வாசிப்பிலிருந்து மீண்டும் அகரத்திற்கும் மாறிக்கொண்டே இருப்பார். பள்ளி விடும் வேளையில் அவருடைய உடலைவிட உள்ளமே மிகுதியும் களைத்திருக்கும்.

இக்களைப்பு எங்கிருந்து வந்தது? அகரமோ இரண்டாம் வாய்ப்பாடோ ஆசிரியருக்குக் கடினமானவை அல்ல. ஒன்றைவிட்டு மற்றொன்றுக்கு மாறியதே அவரைக் களைப்புறச் செய்தது. மனம் புதிய வினை ஒன்றை ஏற்கும்பொழுது, அதுவரை செய்த வினையை உள்ளே அழுத்தி மறைக்க வேண்டியிருக்கிறது. மறைத்த வினைக்கே உடனே திரும்ப நேர்ந்தால், அழுத்தியதை மீண்டும் மேலே கொணர வேண்டியிருக்கிறது. இந்த ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் மனம் ஒரு கூலி கொடுக்கிறது. அதனை மாற்றக் கூலி எனலாம். இக்கூலியை உளநூலார் அளக்கத் தொடங்கியது 1927ஆம் ஆண்டில்தான். எனினும், தமிழர் அதனைத் தம் பள்ளிகளிலும் அவைகளிலும் அதற்கு நெடுங்காலம் முன்பே எதிர்கொண்டு வந்தனர். அவ்வரலாறு ஆசிரியர்களும் ஆசிரியப் பணியை நாடும் மாணவர்களும் அறியத்தக்கது.

தோட்டமும் பள்ளியும்

1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளே பேராக்கில் அம்மரத்தின் தொடக்கம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரப்பர் பெரும் பயிராகியது. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் முதலிய ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்து லயங்களில் குடியேறினர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கும் பொறுப்பை நிருவாகத்தின்மேல் வைத்தது. பள்ளிகள் தோன்றின. ஆனால் பயிற்சி பெற்ற ஆசிரியர் கிடைப்பது அரிதாக இருந்தது. கங்காணியோ, கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவரோ ஆசிரியராக அமர்ந்த தோட்டங்கள் பல.

அங்ஙனம் அமர்ந்தவர் பலவகுப்புகளை ஒருங்கே நடத்தும் முறையை எவரிடமும் கற்றவர் அல்லர். ஆயினும் அவர் அறிந்த பழைய முறை ஒன்று இருந்தது. அது தமிழகத்துத் திண்ணைப் பள்ளியிலிருந்து வந்தது.

சட்டாம்பிள்ளையின் பங்கு

திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவரே. மாணவர் பல நிலையினர். எனவே, முன்னேறிய மாணவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக்கி, இளைய மாணவரை அவனிடம் ஒப்படைக்கும் வழக்கம் இருந்தது. மணலில் எழுத்தை வரையச் செய்வதும், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து வாங்குவதும் அவன் வேலை. ஆசிரியர் மூத்த மாணவரின் பாடத்தில் நிலைத்திருப்பார்.

1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் இல்லத்தில் நடத்திப் பார்த்து, 1797ஆம் ஆண்டில் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று பெயர் பெற்ற அது, 1811ஆம் ஆண்டில் தோன்றிய தேசியக் கழகத்தின் வாயிலாக இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகளில் பரவியது.

இம்முறையைப் பணச் சிக்கனம் என்றே கல்வி வரலாற்றாசிரியர் பெரிதும் பேசுவர். அதில் மனச் சிக்கனமும் உண்டு என்பது ஈண்டு நோக்கத்தக்கது. சட்டாம்பிள்ளை ஒருவன் ஒரே வேலையில் நிற்பதால் அவன் மனம் மாறவேண்டியதில்லை. ஆசிரியரும் அடிக்கடி மாறவேண்டியதில்லை. தோட்டத்து ஓரறைப் பள்ளியில் மூத்த மாணவியைச் சிறு பிள்ளைகளுக்கு நடுவில் அமர்த்திய ஆசிரியர், அறிந்தோ அறியாமலோ தம் மாற்றக் கூலியைக் குறைத்துக்கொண்டார் எனலாம்.

நூறு வினைக்கு நடுவில் ஒரு மனம்

மாற்றத்தைக் குறைப்பது ஒரு வழி. மாற்றத்தையே கலையாக வளர்ப்பது இன்னொரு வழி. அவ்வழியில் பிறந்ததே அவதானம் என்னும் கவனகக் கலை. அவையின் நடுவே ஒருவர் அமர்வார். சூழ இருப்போர் பல வினாக்களை விடுப்பர். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குச் சொல்வார். ஒருவர் ஆண்டும் திங்களும் நாளும் கூறிக் கிழமை கேட்பார். ஒருவர் இடையிடையே மணி அடிப்பார். மற்றொருவர் முதுகில் சிறு கற்களை எறிவார். அத்தனைக்கும் விடை கூறி, மணியோசையையும் கற்களையும் எண்ணி, முடிவில் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். எட்டு வினைகளைக் கவனிப்பது அட்டாவதானம், பத்து, தசாவதானம், நூறு, சதாவதானம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இக்கலை தமிழகத்தில் சிறந்து விளங்கியது. 'விநோதரச மஞ்சரி' எழுதிய வீராசாமி செட்டியார் அட்டாவதானியாகப் புகழ்பெற்றார். திரு.வி.க.வின் ஆசிரியரான யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை சதாவதானி எனப் போற்றப்பட்டார். நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் பெரும்புகழ் எய்தினார். அவர் பிறந்த ஊர் அந்நாளில் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்தது. பள்ளியில் மலையாளம் பயின்று, பின்னர்ச் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தமிழ் கற்றுப் புலமை எய்தியவர் அவர். மொழி மாற்றத்தை இளமையிலேயே அறிந்த ஒருவர் வினை மாற்றத்தில் தலைசிறந்து நின்றார்.

அவதானியின் மனம் நூறு வினைகளையும் ஒரே நொடியில் செய்தது என்று நினைப்பது பொருந்தாது. வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன. ஒருவருக்குச் செய்யுளின் ஓரடியைச் சொல்லிவிட்டு அவதானி அடுத்தவரிடம் செல்கிறார். சுற்று முடிந்த பின்னரே முதலாமவருக்கு இரண்டாம் அடி கிடைக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் முதற்செய்யுள் அவர் நாவில் நிற்கக் கூடாது. நின்றால் கணக்குத் தவறும். அழிந்துபோகவும் கூடாது, அழிந்தால் இரண்டாம் அடி பிறவாது. நாவில் நில்லாமலும் நினைவில் அழியாமலும் உள்ளே மறைந்து கிடக்க வேண்டும். அவதானியின் ஆற்றல் நினைவாற்றல் என்றே பலரும் போற்றினர். வேண்டும்பொழுது மறைக்கும் ஆற்றலும் அதில் பாதியாகும்.

ஆய்வகம் கண்ட உண்மை

பாவலரின் சதாவதானத்திற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1927ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஜெர்சில்டு என்னும் உளநூலார் மாற்றக் கூலியை அளந்தார். அவர் மாணவரிடம் எண்களின் வரிசையைக் கொடுத்தார். எல்லா எண்களுடனும் கூட்டுவது ஒரு வேலை. எல்லா எண்களிலிருந்தும் கழிப்பது மற்றொரு வேலை. ஓர் எண்ணுடன் கூட்டி, அடுத்த எண்ணில் கழித்து, மாறி மாறிச் செய்வது மூன்றாவது. மூன்றாவது வேலைக்குக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் நேரம் பிடித்தது. கணக்குகள் கடினமாகவில்லை, மாற்றம் மட்டுமே கூடியிருந்தது.

ஜெர்சில்டு இன்னொன்றையும் கண்டார். எண் வந்தால் கழித்தல், சொல் வந்தால் எதிர்ச்சொல் கூறுதல் என்று அமைத்தபொழுது காலத்தாழ்வு மறைந்துவிட்டது. செய்ய வேண்டியது இன்னது என்பதைப் பொருளே காட்டிக் கொடுத்தமையால் மனம் தடுமாறவில்லை. ஸ்பெக்டர், பீடர்மன் ஆகிய இருவர் 1976ஆம் ஆண்டில் இவ்வாய்வை மீண்டும் நடத்தினர். எண்ணின் அருகே கூட்டல், கழித்தல் குறிகளை இட்டபொழுது காலத்தாழ்வு பெரிதும் குறைந்தது. தெளிவான குறி மனத்திற்குக் கைகாட்டி என்பது இதனால் விளங்கும்.

1994ஆம் ஆண்டில் ஆலன் ஆல்போர்ட்டும் அவருடன் ஆய்ந்தோரும் புதிரான ஓர் உண்மையை வெளியிட்டனர். கடினமான வேலையிலிருந்து எளிய வேலைக்கு மாறும்பொழுதே காலத்தாழ்வு மிகுந்திருந்தது. 'சிவப்பு' என்னும் சொல் பச்சை மையில் எழுதப்பட்டிருந்தால், சொல்லைப் படிப்பது எளிது. மையின் நிறத்தைக் கூறுவது கடினம். நிறத்தைக் கூற வேண்டுமாயின், பழகிப்போன வாசிப்பை மனம் வலிந்து அடக்க வேண்டும். அடக்கிய பின்னர் வாசிக்கச் சொன்னால், எளிய அவ்வாசிப்பே தயங்கி வெளிவருகிறது.

2000ஆம் ஆண்டில் உல்ரிக் மேயர், ஸ்டீவன் கீல் ஆகிய இருவரும் இவ்வடக்கத்தை நேராகக் காட்ட முனைந்தனர். திரையில் தோன்றும் வடிவங்களுள் வேறுபட்டதைக் காண வேண்டும். நிறத்தால் வேறுபட்டதைக் காண்பது ஒரு வேலை. சாய்வால், அசைவால் காண்பவை மற்ற இரண்டு. நிறம், சாய்வு, மீண்டும் நிறம் என்று வந்தால் ஒருவகை வரிசை. அசைவு, சாய்வு, நிறம் என்று வந்தால் இன்னொருவகை. சற்று முன் செய்த நிறத்திற்குத் திரும்புவதுதான் விரைவாக இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பர். முடிவு நேர்மாறாக இருந்தது. சற்று முன் கைவிட்ட வேலைக்குத் திரும்புவதே தாமதமாயிற்று. மரம் வெட்டுபவர் கத்தியைக் கையிலேயே வைத்திருந்தால் உடனே வெட்டலாம். உறையிலிட்டுக் கட்டியிருந்தால் அவிழ்க்க வேண்டும். மனம் கைவிட்ட வேலையை உறையிலிட்டுக் கட்டுகிறது. இதனைப் பின்னோக்கிய அடக்கம் எனலாம்.

இவ்வடக்கம் ஒரு குறையன்று. அடக்கம் இல்லையேல் பழைய வேலை புதிய வேலையில் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும். காலத்தாழ்வின் ஒரு பகுதி பழைய நினைவுகள் குறுக்கிடுவதால் விளைவது என்று வாதிடும் அறிஞரும் உளர். அவ்வாதம் இன்றும் முற்றுப்பெறவில்லை. ஆய்வகம் அளக்கும் தாமதம் ஒரு நொடியினும் மிகச் சிறியது என்பதையும் மறத்தலாகாது. அதனைப் பள்ளியின் பாடவேளைக்கு அப்படியே பொருத்துவது பிழை. ஆயினும் பாடவேளை அளவிலும் ஒத்த நிலை உண்டு. முடிவுறாத வேலையை விட்டு வந்தவரின் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே எச்சமாக நிற்கிறது என்றும், அதனால் புதிய வேலை தளர்கிறது என்றும் சோபி லெராய் என்பார் 2009ஆம் ஆண்டில் காட்டினார்.

மும்மொழியும் ஒரு நாவும்

இவ்வுண்மை பேராக்கின் தமிழ்க் குழந்தைக்கு மிகவும் நெருங்கியது. அக்குழந்தை வினைகளை மட்டுமன்றி மொழிகளையும் மாற்றிக்கொண்டே வளர்கிறது. 1956ஆம் ஆண்டின் இரசாக் அறிக்கை தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் மலாய், ஆங்கிலம் ஆகிய இரண்டையும் கட்டாயப் பாடங்களாக்கியது. தமிழ்ப் பள்ளியின் குழந்தை ஒரே காலைப் பொழுதில் மூன்று மொழிகளில் எழுதிப் படிக்க வேண்டியதாயிற்று. 1970ஆம் ஆண்டு முதல் ஆங்கில வழிப் பள்ளிகள் முதலாம் ஆண்டிலிருந்து படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. அதன்பின் தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்றோர் பாடங்கள் அனைத்தையும் மலாயில் கற்கலாயினர். மொழியில் பின்தங்கியோர்க்காக ஓராண்டுப் புகுமுக வகுப்பு நெடுங்காலம் நடந்தது.

2003ஆம் ஆண்டில் மற்றொரு மாற்றம் வந்தது. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. 2009ஆம் ஆண்டில் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது; பின்னர்ப் படிப்படியாகப் பழைய நிலை திரும்பியது. இக்காலத்திற்குள் தமிழ்ப் பள்ளியில் பயின்ற குழந்தை ஒன்று, வீட்டில் 'தொண்ணூறு' என்று எண்ணி, வகுப்பில் ஆங்கிலத்தில் கணக்கிட்டு, இடைநிலைப் பள்ளியில் அதே எண்ணை 'செம்பிலான் பூலோ' என்று கூறும் நிலை எழுந்தது. மலாயில் அது ஒன்பது பத்து என வெளிப்படையாக நிற்கிறது. தமிழிலோ நூறு என்னும் ஒலியைத் தாங்கி நிற்கிறது. எண் ஒன்றே, அதனை அடையும் வழிகள் மூன்று.

மொழி மாற்றத்திலும் அடக்கம் உண்டு என்பதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். மியூட்டர், ஆல்போர்ட் ஆகிய இருவர் 1999ஆம் ஆண்டில் இருமொழியாளரை இலக்கங்களின் பெயரைக் கூறச் செய்தனர். இரண்டாம் மொழியிலிருந்து தாய்மொழிக்குத் திரும்பும்பொழுதே தாமதம் மிகுந்திருந்தது. அயல்மொழி பேச வேண்டுமாயின் வலிமைமிக்க தாய்மொழியை வலிந்து அடக்க வேண்டும். அது மீண்டெழச் சிறிது பொழுதாகிறது. பிலிப்பும் அவருடன் ஆய்ந்தோரும் 2007ஆம் ஆண்டில் ஜெர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு என மும்மொழி அறிந்தோரை ஆராய்ந்து, சற்று முன் விட்ட மொழிக்கே திரும்புவது, அதனினும் முன்னர் விட்ட மொழிக்குத் திரும்புவதைவிடத் தாமதமாவதைக் கண்டனர். இரு மொழிகளிலும் மிகுந்த தேர்ச்சி பெற்றோரிடம் திரும்பும் தாமதம் இருபுறமும் ஒத்திருந்ததை ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று 2004ஆம் ஆண்டில் காட்டியது. தேர்ச்சி கூடக் கூடச் சுமையின் தன்மை மாறுகிறது என்பது அதன் குறிப்பு.

ஆங்கிலப் பாடம் முடிந்து தமிழ் வகுப்பு தொடங்கிய முதற்சில நொடிகளில், நன்றாகத் தெரிந்த தமிழ்ச் சொல்லைத் தேடி ஒரு குழந்தை நிற்கிறது எனக் கொள்வோம். அதனைக் கண்டு 'தாய்மொழியே இதற்கு வரவில்லை' என்று தீர்ப்புரைப்பது எளிது. 'மந்தம்' என்னும் பட்டத்தைச் சூட்டுவதும் எளிது. அப்பட்டம் ஒருமுறை ஏறினால் இறங்குவது அரிது. அக்குழந்தைக்குத் தமிழ் தெரியாமலில்லை. சற்று முன்வரை ஆங்கிலத்திற்கு வழிவிடுவதற்காக அது தன் தமிழை அடக்கி வைத்திருந்திருக்கலாம். அத்தயக்கம் சில நேரங்களில் அறியாமையின் அடையாளமன்று. மனம் தன் வேலையைச் செவ்வனே செய்ததன் அடையாளம். பொறுத்திருந்து பார்த்தாலன்றி இவ்விரண்டையும் வேறு பிரித்தறிய இயலாது.

பால்மரக் காட்டின் ஒழுங்கு

இன்று பேராக்கின் பல இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தொழிலாளர் குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களை நாடின. தோட்டப் பள்ளிகளுள் சில மூடப்பட்டன. சில நகர்ப்புறங்களுக்கு இடம் பெயர்ந்தன. எஞ்சியவற்றுள் மாணவர் மிகக் குறைந்த பள்ளிகளில் இரு நிலை மாணவர் ஒரே வகுப்பில் அமரும் கூட்டு வகுப்பு முறை இருந்து வருகிறது. ஓரறைப் பள்ளி மறைந்தாலும் அதன் சிக்கல் முற்றிலும் மறையவில்லை.

அச்சிக்கலுக்குத் தோட்டத்து வேலைமுறையிலேயே ஒரு குறிப்பு உண்டு. விடியற்காலைப் பெரட்டு முடிந்து நிரைக்குச் செல்லும் தொழிலாளி, ஒரு மரத்தை வெட்டி, அங்கேயே நின்று பாலை எடுத்து, அடுத்த மரத்திற்குச் செல்வதில்லை. தமக்குரிய மரங்கள் அனைத்தையும் முதலில் வெட்டி முடிப்பார். பின்னர் வாளியை எடுத்துக்கொண்டு மங்கு மங்காகப் பால் சேர்ப்பார். பால் வடியப் பொழுது வேண்டும் என்பதே இதற்குக் காரணம். ஆயினும், ஒருவகை வேலையை ஒருசேர முடித்துப் பின்னர் மறுவகைக்கு மாறும் இவ்வொழுங்கு, கைக்கு மட்டுமன்றி மனத்திற்கும் உகந்ததாக அமைந்தது.

வகுப்பறையிலும் அவ்வொழுங்கு பயன்படும். ஒரு பாடத்தை நடுவில் அறுத்துவிடாமல், சிறிதளவேனும் முடிவுக்குக் கொண்டுவந்து நிறுத்துதல் நன்று. பாடம் மாறும்பொழுது நூலை மூடச் செய்தல், கரும்பலகையைத் துடைத்தல், புதிய பாடத்தின் பெயரை உரக்கக் கூறுதல் ஆகியவை வெற்றுச் சடங்குகள் அல்ல. ஜெர்சில்டின் எண்களுக்கு அருகே பின்னவர் இட்ட குறிகளைப் போன்றவை. மொழி மாறிய தொடக்கத்தில் கடினமான வினாவை விடுக்காமல், எளிய வாசிப்பாலோ பாடலாலோ அம்மொழியை எழுப்புதல் தகும்.

இதனால் மாற்றமே கூடாது என்று கொள்ளுதலும் பிழையாகும். கூட்டலையும் கழித்தலையும் தனித்தனியே கற்ற பின்னர், இரண்டும் கலந்த கணக்குகளைச் செய்யும் மாணவன் எதை எப்பொழுது கையாள்வது என்பதைக் கற்றுக்கொள்கிறான். கலந்த பயிற்சி தொடக்கத்தில் தாமதத்தைத் தந்தாலும் பின்னர்த் தேர்வில் நற்பயன் தருவதை 2007ஆம் ஆண்டின் கணித ஆய்வு ஒன்று காட்டியுள்ளது. அவதானியும் ஒரே நாளில் நூறு வினைகளை ஏற்றவர் அல்லர். முதலில் தனிப் பயிற்சி. பின்னர்க் கலந்த பயிற்சி. இரண்டிற்கும் இடையில் பொறுமை. இதுவே முறையான வரிசை.

அவதானி ஈற்றடிக்கு விடை தேடிச் சற்றே கண்மூடினால் அவை அமைதியாகக் காத்திருக்கும். தோட்டத்துப் பிள்ளையும் மூன்று மொழிகளுக்கும் ஆறேழு பாடங்களுக்கும் நடுவில் நாள்தோறும் ஒரு சிறு அவதானம் நிகழ்த்துகிறது. அதற்கு மேடையும் இல்லை, பட்டமும் இல்லை. அவதானிக்கு அவை அளித்த அந்தச் சில நொடிகளை அப்பிள்ளைக்கு அளிக்க வேண்டியவர் ஆசிரியரே.